எழுவாய் இல்லாத ஊர்

பள்ளிக்கூடத்தில் எழுவாயைக் கண்டுபிடிக்கத் தமிழ் ஐயா ஒரு சுலபமான வழி சொல்லித் தந்திருப்பார். பயனிலையைப் பிடித்துக்கொண்டு ‘யார்?’ என்று கேள், ‘எது?’ என்று கேள். பதிலாக வந்து நிற்பதுதான் எழுவாய். இந்தக் கட்டுரை முழுக்க நான் செய்யப்போவது அவ்வளவுதான். ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘யார்?’ என்று கேட்கப்போகிறேன்.

அந்தச் சொல்: ‘கைவிடப்பட்ட’.

கைவிடப்பட்ட ஊர்களின் படங்களைத் தேடி இரவெல்லாம் இணையத்தில் அலைகிறவர்கள் சீக்கிரமே அலாஸ்காவின் கென்னெகாட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். பனியாறு ஒன்றின் கரையில், மலைச்சரிவில் அடுக்கடுக்காக இறங்கும் பதினான்கு மாடி மரக்கட்டடம். சிவப்பு வண்ணம். பின்னால் ரேங்கல் மலைகள். ட்ரோன் மெதுவாக மேலேறும். பியானோ ஒலிக்கும். ‘பேய் நகரம்’ என்று எழுத்துகள் தோன்றும். பிறகு கதை. செம்பைத் தேடி மனிதர்கள் வந்தார்கள், வாழ்ந்தார்கள், 1938-இல் ஒருநாள் கடைசி ரயில் கிளம்பியது, எல்லோரும் போய்விட்டார்கள், மேஜையில் தட்டுகள் அப்படியே இருந்தன, அப்புறம் மௌனம்.

கீழே கமெண்டில் யாரோ ‘மனித வாழ்வே இவ்வளவுதான்’ என்று எழுதியிருப்பார். முதல் தடவை பார்த்தபோது நானும் கிட்டத்தட்ட அதையேதான் நினைத்தேன். இப்போது எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் கோபம் வருகிறது. மனித வாழ்வெல்லாம் ஒன்றுமில்லை. அது ஒரு கம்பெனியின் வரவுசெலவுக் கணக்கு. அந்தக் கணக்கு எப்படித் தத்துவமாக மாறியது என்பதுதான் என் கேள்வி.

*

முதல் பொய் ஊரின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ‘யாருமில்லாத வனாந்தரத்தில்’ என்றுதான் இந்தக் கதைகள் ஆரம்பிக்கும். யாருமில்லாத இடமா அது? அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு அட்னா மக்களுடையது. வெள்ளையர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே மண்ணில் கிடைத்த செம்பைத் தட்டி ஆயுதமும் கருவியும் செய்தவர்கள் அவர்கள். ஆற்றுக்கு ‘காப்பர் ரிவர்’ என்று பெயர் வந்ததே அந்தச் செம்பால்தான். 1885-இல் அமெரிக்க ராணுவ அதிகாரி ஹென்றி ஆலன் அந்தப் பக்கம் போனபோது, தாரால் என்ற ஊரின் தலைவர் நிக்கோலாயைச் சந்தித்தார். அவரிடம் செம்பு இருப்பதைப் பார்த்தார். எழுதிவைத்தார். 1899-இல் அதே நிக்கோலாய் உணவுப்பொருளுக்கு ஈடாக, செம்புத்தாது இருந்த ஓர் இடத்தைத் தேடிவந்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார்.

அடுத்த ஆண்டு கோடையில் க்ளேரன்ஸ் வார்னர், ஜாக் ஸ்மித் என்ற இரண்டு பேர் வேறொரு மலையுச்சியில் பச்சைத் திட்டு ஒன்றைப் பார்த்தார்கள். புல் முளைக்க வாய்ப்பில்லாத உயரத்தில் அவ்வளவு பச்சை. ஏறிப்போய்ப் பார்த்தால் மலக்கைட், கூடவே சால்கோசைட். செம்பு நிறைந்த தாதுக்கள். அதுதான் பொனான்சா சுரங்கம். சில நாள் கழித்து அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் ஆர்தர் ஸ்பென்சரும் அதே இடத்துக்குத் தானாகவே வந்து சேர்ந்தார். ஆனால் உரிமை ஏற்கெனவே பதிவாகிவிட்டது.

‘கண்டுபிடித்தார்கள்’ என்ற வினைக்கு எழுவாய் கச்சிதமாக இருப்பதைக் கவனியுங்கள். பெயர், ஆண்டு, புல்லைப் பார்த்த கதை எல்லாம் இருக்கிறது. சாகசத்துக்கு எப்போதும் எழுவாய் உண்டு. அது காணாமல் போவது பிற்பாடுதான்.

*

அடுத்து பணம் வந்தது. ஸ்டீபன் பிர்ச் என்ற இளம் சுரங்கப் பொறியாளர், சர்க்கரை வியாபாரத்தில் கொழித்த ஹேவ்மயர் குடும்பத்தின் காசோடு வந்து, கண்டுபிடித்தவர்களின் பங்குகளை வாங்கினார். பிறகு குகன்ஹைம் சகோதரர்களும் ஜே. பி. மோர்கனும் சேர்ந்தார்கள். 1906-இல் அலாஸ்கா சிண்டிகேட் உருவானது. கார்டோவா துறைமுகத்திலிருந்து 196 மைலுக்கு ரயில்பாதை போட்டார்கள். 1907-இல் தொடங்கி 1911-இல் முடித்த அந்தப் பாதைக்கு ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் டாலர் செலவு. இரண்டு பனியாறுகளுக்கு நடுவே கட்டிய பாலத்துக்கு ‘மில்லியன் டாலர் பாலம்’ என்றே பெயர். பாதை போடும் போட்டியில், 1907 செப்டம்பரில் கீஸ்டோன் கணவாயில், சிண்டிகேட் தரப்புக் காவலாளி எதிர்க் கம்பெனித் தொழிலாளர்கள்மீது சுட்டார். ஒருவர் இறந்தார்.

சுரங்கம் அவர்களுடையது. ரயில் அவர்களுடையது. கார்டோவாவிலிருந்து தாதை ஏற்றிப்போன கப்பல் கம்பெனி அவர்களுடையது. வாஷிங்டன் மாநிலத்து டகோமாவில் தாதை உருக்கிய ஆலை குகன்ஹைம்களுடையது. மென்பொருள்காரர்கள் இதை ‘ஃபுல் ஸ்டாக்’ என்று சொல்லிப் பெருமைப்படுவோம். மலையுச்சியிலிருந்து கம்பி வரைக்கும் எந்த இடத்திலும் வெளியாள் கையில் காசு சிந்தாத ஏற்பாடு.

1911 ஏப்ரலில் முதல் தாது ரயில் இறங்கியது. அதில் இருந்த தாதின் மதிப்பு மட்டும் இரண்டரை லட்சம் டாலர். முதல் உலகப் போர் வந்தது, செம்பு விலை ஏறியது. 1916-இல் ஒரே ஆண்டில் 3 கோடியே 24 லட்சம் டாலர் மதிப்புள்ள தாது வெளியே போனது. ஒரு வருட உற்பத்தியின் மதிப்பு ரயில்பாதையின் மொத்தச் செலவைத் தாண்டிவிட்டது.

முழுக்கணக்கையும் போட்டுவிடுவோம். கென்னெகாட் சுரங்கங்கள் தம் ஆயுளில் 46 லட்சம் டன்னுக்கு மேல் தாது தந்தன. அதிலிருந்த செம்பு 118 கோடி பவுண்டுக்கு மேல். வகுத்துப் பார்த்தால் சராசரியாக நூறு கிலோ தாதில் ஏறக்குறைய பதின்மூன்று கிலோ செம்பு. இன்று உலகத்தின் பெரிய செம்புச் சுரங்கங்கள் பல, நூறு கிலோ பாறைக்கு ஒரு கிலோகூடத் தேறாத தாதை வைத்துத்தான் ஓடுகின்றன. மொத்த வருமானம் 20 கோடி டாலருக்கு மேல். நிகர லாபம் 10 கோடிக்கு மேல். வந்த ஒவ்வொரு டாலரிலும் கிட்டத்தட்டப் பாதி லாபம்.

இந்தக் கணக்கை எழுதிவைத்துவிட்டு, இதற்குப் பக்கத்தில் ‘கைவிடப்பட்ட’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். வயல் முழுக்க அறுத்து, போரடித்து, நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோனவனை ‘பாவம், வயலைக் கைவிட்டுவிட்டான்’ என்று யாராவது சொல்வோமா?

*

இப்போது அந்தப் புகழ்பெற்ற முடிவுக்கு வருவோம். மேஜையில் தட்டு, கடைசி ரயில், திடீர் மௌனம்.

திடீரெல்லாம் ஒன்றுமில்லை. உயர்தரத் தாது தீரப்போகிறது என்று கம்பெனியின் நிலவியலாளர் 1925-லேயே கணித்துவிட்டார். மூடுவதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்பு. 1929-இல் க்ளேசியர் சுரங்கம் மூடப்பட்டது. 1932-இல் உலகப் பொருளாதாரமே படுத்தபோது கென்னெகாட்டைத் தற்காலிகமாக மூடினார்கள், பிறகு திறந்தார்கள். 1938 ஜூலைக் கடைசியில் மதர் லோட். செப்டம்பரில் எரீ, ஜம்போ, பொனான்சா மூன்றும். நவம்பர் 10 அன்று கடைசி ரயில்.

இது பேரழிவின் கால அட்டவணை மாதிரி இருக்கிறதா? எனக்கு இது ப்ராஜெக்ட் ப்ளான் மாதிரித் தெரிகிறது. ஒவ்வொரு பகுதியாக அணைத்து, கடைசியில் மெயின் ஸ்விட்சை அணைக்கிற ஒழுங்கு. இயந்திரங்களை விட்டுப்போனதிலும் மர்மம் இல்லை. அவ்வளவு தூரம் ஏற்றிப்போகும் கூலி அவற்றின் விலைக்குக் கட்டுப்படியாகாது. தட்டும் கரண்டியும் அதே கணக்கில் சேர்ந்தவை. நாம் அந்தத் தட்டைப் பார்த்து உருகுகிறோம். கணக்கர் அதை எப்போதோ கழித்து எழுதிவிட்டார்.

என் தொழிலிலும் இந்த மொழி உண்டு. ஒரு மென்பொருளை நிறுத்தும்போது ‘நாங்கள் நிறுத்துகிறோம்’ என்று எழுதமாட்டோம். ‘சன்செட்’ என்று எழுதுவோம். சூரியன் தானாக மறையும், யாரும் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை, யாரையும் கேள்வி கேட்க முடியாது. அப்படிப்பட்ட மடல்களை நானே எழுதியிருக்கிறேன். அதனாலோ என்னவோ, ‘கைவிடப்பட்ட’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அந்த மடல்களின் வாடை அடிக்கிறது. செயப்பாட்டு வினை எங்கே மிதமிஞ்சி இருக்கிறதோ அங்கே யாரோ ஒளிந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, இதுதான் என்னை முழுசாக மனம் மாற்றியது. கென்னெகாட்டில் காவல்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. மூன்று பேர். ஊர் மூடிய பிறகு 1952 வாக்கில் வரைக்கும் அவர்கள்தான் அங்கே வாழ்ந்தார்கள். கைவிட்ட பொருளுக்கு யாராவது காவல் போடுவார்களா? 1941-இல் கம்பெனி ரயில்பாதை நிலத்தை அரசுக்குக் கொடுத்தது. கொடுக்க வேண்டுமென்றால் முதலில் வைத்திருக்க வேண்டும் இல்லையா? 1960-களின் கடைசியில் கழிவுக் குவியலிலிருந்து மிச்சத்தைப் பிரித்தெடுத்து விமானத்தில் கொண்டுபோகலாமா என்றுகூட ஒரு முயற்சி நடந்தது. கட்டுப்படியாகவில்லை. அதே காலத்தில், யாராவது உள்ளே போய் விழுந்தால் வழக்கு வரும் என்று பயந்து, நில உரிமை வைத்திருந்த நிறுவனம் ஊரையே இடிக்கச் சொன்னது. சில கட்டடங்கள் போயின, வேலை பாதியில் நின்றது. இன்று ட்ரோன் படமெடுக்கும் அந்த ‘காலம் விட்டுவைத்த’ கட்டடங்கள் காலம் விட்டுவைத்தவை அல்ல. இடிக்கிற வேலை முடியாமல் தப்பியவை. 1986-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1998-இல் தேசியப் பூங்காத் துறை ஆலையையும் ஊரின் பெரும்பகுதியையும் வாங்கியது.

காவல், பத்திரம், பயம், விற்பனை. அறுபது ஆண்டு ஒரு நாள்கூட அந்த ஊர் உரிமையாளர் இல்லாமல் இருக்கவில்லை.

*

சரி, ஊரை மூடிய கம்பெனி எங்கே போனது?

1915-லேயே அது கென்னெகாட் காப்பர் கார்ப்பரேஷன் என்ற பெயரில் பங்குச்சந்தைக்கு வந்துவிட்டது. பிர்ச்தான் தலைவர். அந்தப் பெயரே ஓர் எழுத்துப்பிழை. பனியாற்றுக்கு ராபர்ட் கென்னிகாட் என்ற இயற்கையியலாளரின் பெயர், கம்பெனியைப் பதியும்போது ‘னி’ ‘னெ’ ஆகிவிட்டது. பிழையான பெயரோடு அலாஸ்காவில் சம்பாதித்த கம்பெனி யூட்டாவின் பிங்காம் கேன்யன் சுரங்கத்தில் பங்கு வாங்கியது, 1936-இல் அதை முழுசாகச் சேர்த்துக்கொண்டது. சிலியில் எல் தெனியென்தே சுரங்கத்தை நடத்திய பிரேடன் காப்பர் கம்பெனியை வளைத்தது. ஆக 1938-இல் கடைசி ரயில் கிளம்பியபோது, கம்பெனி ஏற்கெனவே வேறு இரண்டு மலைகளுக்குள் இருந்தது.

சிலியில் பிரேடன் கம்பெனி கட்டிய ஓர் ஊரும் அதன் கைக்கு வந்தது. செவெல். ஆண்டீஸ் மலைச்சரிவில், தெருக்களே இல்லாமல் படிக்கட்டுகளால் ஆன ஊர். உச்சத்தில் 15 ஆயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். 1945 ஜூன் 19 அன்று சுரங்கத்துக்குள் புகுந்த புகையில் 355 தொழிலாளர்கள் மூச்சடைத்துச் செத்தார்கள். பிற்பாடு அந்த ஊரும் காலியானது. மக்களைக் கீழே ரன்காகுவா நகரத்துக்குக் குடியேற்றினார்கள். 2006-இல் யுனெஸ்கோ செவெலைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதையும் ‘கைவிடப்பட்ட ஊர்’ என்ற பட்டியலில்தான் பார்க்கிறோம். அதே பியானோ. ஒரே முதலாளியின் கையில் இருந்த இரண்டு ஊர்கள் அடுத்தடுத்த படங்களாக ஓடும். முதலாளியின் பெயர் இரண்டிலும் இருக்காது.

கைவிடுவதைப் பற்றி இந்தக் கம்பெனி என்ன நினைத்தது என்று தெரிய 1971-க்குப் போக வேண்டும். அந்த ஜூலையில் சிலி நாடாளுமன்றம் ஒருமனதாகச் செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. அலெண்டே அதிபர். கென்னெகாட் என்ன செய்தது? சிலியிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் போன செம்பைத் துரத்தியது. 1972-இல் பிரான்ஸ் நீதிமன்றத்துக்குப் போய், எல் தெனியென்தே செம்பின் விற்பனைப் பணம் தனக்குச் சேர வேண்டியது என்று தடை வாங்கியது. அந்த டிசம்பரில் அலெண்டே ஐ.நா. சபையில் நின்று அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் குற்றம்சாட்டினார். கையைவிட்டுப் போன செம்பைக் கடல் தாண்டித் துரத்துகிற கம்பெனி இது. இதற்குப் போய் ‘கைவிட்டது’ என்ற வினையைத் தருகிறோம்.

அதே 1971 டிசம்பரில்தான் அலாஸ்காப் பூர்வகுடிகளின் நில உரிமைக் கோரிக்கைகளைத் தீர்க்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. அதன்படி அட்னா மக்களுக்கும் ஒரு நிறுவனம் உருவானது. அவர்கள் இன்றும் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறார்கள். நிலம் மீது உரிமை இருக்கிறதா என்று நிக்கோலாயிடம் யாரும் கேட்காமல் எழுபது ஆண்டு கழித்து. பேய் நகரம் என்று சொல்லும்போது இவர்களையும் சேர்த்துத்தான் பேய் ஆக்குகிறோம்.

கென்னெகாட் என்ற பெயரும் சாகவில்லை. கைமாறிக் கைமாறி 1989-இல் ரியோ டின்டோவிடம் வந்தது. பிங்காம் கேன்யன் சுரங்கம் இன்றும் அந்தப் பெயரில்தான் ஓடுகிறது. அப்படியானால் பேய் எது? ஊரா, கம்பெனியா? உடம்பை இங்கே விட்டுவிட்டு வேறு உடம்புக்குள் புகுந்து அதே பெயரோடு நடமாடுவது எதுவோ, நம்மூர்க் கதைகளில் அதைத்தான் பேய் என்பார்கள்.

*

டகோமாவையும் சொல்லிவிட வேண்டும். கென்னெகாட்டின் தாதும், வேறு பல சுரங்கங்களின் தாதும் உருகிய ஆலை அது. அதன் புகைபோக்கி கக்கிய ஆர்செனிக்கும் ஈயமும் சுற்றுவட்டார மண்ணில் படிந்தன. 1980-களின் நடுவில் ஆலை மூடியது. நச்சு நீக்கவேண்டிய இடங்களின் மத்திய அரசுப் பட்டியலில் அது சேர்ந்தது. 1993 ஜனவரியில் புகைபோக்கியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வீட்டு முற்றங்களின் மண்ணைத் தோண்டி மாற்றினார்கள். பனியாற்றங்கரையின் சிவப்புக் கட்டடத்தைப் படம் எடுக்க ஆயிரம் பேர் போகலாம். டகோமாவில் தோண்டி மாற்றிய முற்றத்தைப் படம் எடுக்க யார் போவார்கள்? பாழடைந்த ஊரின் அழகியல் அழகான பாழை மட்டுமே பொறுக்கிக்கொள்ளும். விஷத்துக்கு பியானோ வாசிக்க முடியாது.

*

எதிர்வாதங்கள் வரும், வரட்டும்.

‘தாது தீர்ந்துவிட்டது. கம்பெனி வேறென்ன செய்யும்? சட்டப்படிதானே மூடியது?’ சரிதான். மூடியதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தீர்ந்த சுரங்கத்தைத் தோண்டிக்கொண்டே இருக்க முடியாது. மூடியவர் பெயரை ஏன் அழிக்கிறோம் என்றுதான் கேட்கிறேன். நியாயமான முடிவு என்றால் பெயரோடு சொல்வதில் என்ன கூச்சம்?

‘அங்கே வளர்ந்தவர்கள் அதை இனிமையாக நினைவுகூர்கிறார்களே?’ ஆமாம். கென்னெகாட்டில் குழந்தைப்பருவத்தைக் கழித்தவர்களின் நினைவுகளைப் பூங்காத் துறை நேர்காணல்களாகப் பதிவுசெய்திருக்கிறது. அவை பொய்யில்லை. ஆனால் யாருடைய குழந்தைகள் என்று பாருங்கள். குடும்பத்தோடு வீடு கிடைத்தது பெரும்பாலும் நிர்வாகத்தினருக்கும் அலுவலர்களுக்கும்தான். மலைமேல் தோண்டியவர்கள் தனி ஆண்கள். பொது விடுதியில் படுத்து, வாரம் ஏழு நாளும் வேலை செய்து, குடிக்கவும் சூதாடவும் பக்கத்து மெக்கார்த்திக்கு இறங்கியவர்கள். அவர்களுக்கு அந்த ஊரில் பிள்ளைகள் வளரவில்லை. ஏக்கத்துக்கும் வர்க்கம் உண்டு. வீடு இருந்தவனுக்குத்தான் அது மிஞ்சும்.

கடைசியாக, ‘அழகை ரசிக்கக்கூட விடமாட்டாயா?’ தாராளமாக ரசியுங்கள். பதினான்கு மாடி மரக்கட்டடம் பனியாற்றங்கரையில் நிற்பது பிரமாதமான காட்சி. அதைக் கட்டிய தச்சர்களுக்கும் பொறியாளர்களுக்கும் நான் தலைவணங்குகிறேன். ஆனால் ரசித்துவிட்டு எழுத உட்கார்கிறோமே, அங்கேதான் பிரச்சினை. நம் இணைய இதழ்களில் இப்போது பாழ் பற்றிய கட்டுரைகளுக்கு ஒரு மவுசு இருக்கிறது. தூசி, துரு, உடைந்த ஜன்னல், காலம், மௌனம். இந்த ஐந்தையும் கலக்கினால் ஒரு கட்டுரை தயார். காலத்தின்மேல் பழிபோடுவது ரொம்பப் பாதுகாப்பானது. காலம் மானநஷ்ட வழக்குப் போடாது. பங்குதாரர் கூட்டமும் நடத்தாது.

துக்கம் ஒருவிதமான மன்னிப்பும்கூட. செத்த வீட்டில் கணக்குக் கேட்கமாட்டோம் இல்லையா? ஓர் ஊரைச் செத்துப்போனதாகச் சொல்லி நாம் அழ ஆரம்பித்தவுடன், கணக்குக் கேட்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுக்கிறோம். ‘கைவிடப்பட்ட’ என்ற சொல் செய்கிற வேலை அதுதான். ஊருக்கு நம் கண்ணீரை வாங்கித் தருகிறது, உரிமையாளருக்கு நம் மௌனத்தை.

எழுதுகிறவர்களிடம் எனக்கு இருப்பது சின்னக் கோரிக்கை. தூசியை எழுதுங்கள், துருவை எழுதுங்கள். ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் தமிழ் ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். கென்னெகாட்டுக்கு நான் எழுதினால் அந்த வாக்கியம் இப்படி இருக்கும்: ‘கென்னெகாட் காப்பர் கார்ப்பரேஷன், அட்னா மக்களின் பள்ளத்தாக்கிலிருந்து 118 கோடி பவுண்டு செம்பு எடுத்து, 10 கோடி டாலருக்கு மேல் லாபம் பார்த்து, 1938 நவம்பர் 10 அன்று இந்த ஊரை மூடியது.’

பியானோ வேண்டுமென்றால் இதற்குப் பின்னாலும் வாசித்துக்கொள்ளலாம்.